ரோமம் இல்லை என்பதும் ஓர் அடையாளம்

பள்ளித் திடலின் வேலியோரம், அடுக்குமாடி வீடுகளின் பின்புறக் கால்வாய் விளிம்பு, செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதை. இவற்றில் எங்கே குனிந்து பார்த்தாலும் ஐந்தாறு வகைச் செடிகள் ஒன்றோடொன்று பின்னி வளர்ந்திருக்கும். நம்மில் பலர் அவை அனைத்தையும் 'களை' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். அந்தக் கூட்டத்தில் உண்ணத்தக்க கீரை இருக்கலாம். பாட்டி இடித்துச் சாறு எடுத்துக் கொடுத்த மூலிகை இருக்கலாம். அதே உருவத்தில் முற்றிலும் வேறான ஒரு செடியும் இருக்கலாம். எது எது என்று எப்படிப் பிரித்தறிவது?

பூ இருந்தால் வேலை எளிது. ஆனால் நாம் பார்க்கப் போகும் நாளில் செடி பூத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இலையின் வடிவத்தை மட்டும் வைத்து முடிவு செய்யலாம் என்றால், ஒரே வடிவ இலை பல செடிகளுக்கு உண்டு. இத்தகைய நேரத்தில் தாவரவியலாளர்கள் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று மிக எளிமையானது: இந்தச் செடிக்கு ரோமம் இருக்கிறதா, இல்லையா?

இருந்தால் எங்கே, எப்படி என்று குறித்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் 'இலை, தண்டு, காய் மூன்றிலும் ரோமம் இல்லை' என்று அதையும் எழுதுவார்கள். இருப்பதை மட்டுமே குறிப்பெடுத்துப் பழகிய நமக்கு இது வியப்பாக இருக்கலாம். செடிகளை அடையாளம் காண்பதில் 'இல்லை' என்பதும் ஒரு சான்று.

செடிக்கு எதற்கு ரோமம்?

விலங்குகளின் ரோமம் வேறு, செடிகளின் ரோமம் வேறு. செடியின் வெளித்தோலில் உள்ள உயிரணுக்கள் சில வெளிப்புறமாக நீண்டு வளர்வதால் இவை உருவாகின்றன. தாவரவியலில் இவற்றை 'டிரைக்கோம்' என்பார்கள். சில ஒரே உயிரணுவால் ஆனவை; சில பல உயிரணுக்களால் ஆனவை. நாம் உடுத்தும் பருத்தித் துணியின் இழை கூடப் பருத்தி விதையின் தோலில் வளரும் ஒற்றை உயிரணு ரோமம்தான்.

ரோமங்களுக்குப் பல வேலைகள் உண்டு. சிறு பூச்சிகள் இலையைக் கடிக்க விடாமல் தடுக்கும். கடும் வெயிலைச் சிதறடிக்கும். இலையிலிருந்து நீர் ஆவியாகும் வேகத்தைக் குறைக்கும். சில ரோமங்களின் நுனியில் சுரப்பி இருக்கும். கற்பூரவல்லி இலையைத் தேய்த்ததும் மணம் எழுவது இத்தகைய சுரப்பி ரோமங்கள் உடைவதால்தான். நாய்க்கடுகுச் செடியின் தண்டைத் தொட்டால் விரல் பிசுபிசுப்பதற்கும் இதுவே காரணம்.

ரோமமில்லாத செடிகள் பாதுகாப்பற்றவை என்று எண்ண வேண்டாம். பளபளக்கும் மெழுகுப் பூச்சு, தடித்த தோல், கசப்பு, நஞ்சு, வெண்பால் என்று அவற்றுக்கும் தனித்தனி வழிகள் உள்ளன. வெற்றிலையை நினைத்துப் பாருங்கள்; கற்பூரவல்லியையும் வெற்றிலையையும் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே வேறுபாடு தெரிந்துவிடும்.

பெயரிலேயே குறிப்பு இருக்கிறது

செடிகளின் அறிவியல் பெயர்களை மனப்பாடம் செய்ய முடியவில்லை என்று வருந்தும் மாணவர்கள், சில இலத்தீன், கிரேக்கச் சொற்களைத் தெரிந்துகொண்டால் பாதிச் சுமை குறையும். 'கிளாப்ரா' என்றால் ரோமமற்றது. 'ஹிர்ட்டா' என்றால் முரட்டு ரோமம் உடையது. 'பிலோசா' என்றால் மென்மையான நீண்ட ரோமம் உடையது. 'டொமென்டோசா' என்றால் கம்பளிபோல் அடர்ந்த ரோமம் உடையது.

நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அதிமதுரத்தின் அறிவியல் பெயர் கிளிசிரைசா கிளாப்ரா. 1753-இல் அதற்குப் பெயரிட்ட லின்னேயஸ், அதன் வழுவழுப்பான காய்களை அடையாளமாகக் கொண்டார். அதே இனத்தொகுதியில் முட்கள் நிறைந்த காயைக் கொண்ட செடிக்கு 'எக்கினாட்டா' என்று பெயர் வைத்தார். நம் வீட்டுச் சந்துகளில் வளரும் அம்மான் பச்சரிசியின் பெயர் யூஃபோர்பியா ஹிர்ட்டா. அதன் தண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மஞ்சள் கலந்த ரோமங்கள் நீட்டிக்கொண்டிருப்பது தெரியும்.

மலாய் மொழியும் இதே வழியில் பெயர் சூட்டியிருக்கிறது. மலாயில் 'பூலு' என்றால் ரோமம். ஊதாப் பூப் பூக்கும் செண்டுடோக் செடியைத் தோட்டப்புறங்களில் எல்லோரும் அறிவர். அதைப் போலவே இலையில் நீளவாட்டு நரம்புகள் ஓடும் இன்னொரு செடிக்குச் 'செண்டுடோக் பூலு' என்று பெயர். கிளிடெமியா ஹிர்ட்டா என்று நெடுங்காலம் அழைக்கப்பட்ட இந்தச் செடி வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து நம் காடுகளில் பரவிய அந்நியச் செடி. தண்டிலும் காயிலும் நீண்ட முரட்டு ரோமங்கள் நிற்கும், பூ வெள்ளை.

இந்த வட்டாரத்துச் செடிகளைப் பற்றி விரிவாக எழுதியவர்களுள் முதன்மையானவர் ஹென்றி ரிட்லி. ரப்பர் மரத்தைச் சிதைக்காமல் பால் வெட்டும் முறையை வகுத்து, மலாயாவில் ரப்பர் பயிரிடச் சொல்லி விடாமல் வலியுறுத்தியவர் என்றே அவரை வரலாற்றுப் பாடத்தில் படிக்கிறோம். நம் முன்னோர் இங்கு வந்து பால் வெட்டிய கதையிலும் அவருக்குப் பங்கு உண்டு. அதே ரிட்லிதான் 1922 முதல் 1925 வரை ஐந்து தொகுதிகளாக மலாய்த் தீபகற்பத்தின் தாவரங்களைப் பட்டியலிட்டு வெளியிட்டார். இத்தகைய நூல்களில் ஒரு செடியைப் பற்றிய விவரிப்பில் அளவு, வடிவம், நிறம் ஆகியவற்றோடு ரோமம் உண்டா இல்லையா என்பதும் தவறாமல் இடம்பெறும்.

பார்க்க வேண்டிய மூன்று இடங்கள்

இலையை மட்டும் தடவிப் பார்த்து 'ரோமம் இல்லை' என்று சொல்லிவிடக் கூடாது. இலை, தண்டு, காய் ஆகிய மூன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

முதலில் இலை. மேற்பரப்பு வழுவழுப்பாக இருந்தாலும் அடிப்பக்கத்து நரம்புகளில் ரோமம் இருக்கலாம்; அல்லது விளிம்பில் மட்டும் இமைமுடிபோல் வரிசையாக நிற்கலாம். ஆகவே மேல், கீழ், விளிம்பு என மூன்றையும் பாருங்கள்.

அடுத்துத் தண்டு. சுவரோரத்து ஈரத்தில் வளரும் கெத்தும்பாங் ஆயேர் செடியை எடுத்துக்கொள்ளுங்கள். இதய வடிவ இலை, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் சதைப்பற்றான தண்டு. எங்கும் ரோமம் கிடையாது. பருப்புக்கீரையின் தண்டும் வழுவழுப்பானது. ஆனால் அதன் உறவான போர்ட்டுலாக்கா பிலோசாவில் இலை தோன்றும் ஒவ்வொரு கணுவிலும் வெண்ணிற ரோமக் கொத்து தெளிவாகத் தெரியும். தண்டைப் பார்க்கும்போது கணுவைத் தவறவிடக் கூடாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

மூன்றாவது காய். பலர் பார்க்க மறப்பது இதைத்தான். நடைபாதைக் கற்களின் இடுக்கில் தரையோடு படரும் இரு சிறு செடிகள் உள்ளன: யூஃபோர்பியா புரோஸ்ட்ராட்டா, யூஃபோர்பியா தைமிஃபோலியா. இரண்டையும் கிள்ளினால் வெண்பால் வரும். இரண்டுக்கும் சின்னஞ்சிறு இலைகள். வேறுபாடு கடுகளவே உள்ள காயில் இருக்கிறது. முதலாவதன் காயில் மூன்று விளிம்புகளில் மட்டும் ரோமம் நிற்கும். இடைப்பட்ட பகுதி மொட்டையாக இருக்கும். இரண்டாவதன் காய் முழுவதும் ரோமம். உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாதவருக்கு இவை ஒரே செடி. கண்ணாடி உள்ளவருக்கு இரண்டு.

கீழாநெல்லி: எது அசல்?

இனி, தமிழர்களுக்கு நெருக்கமான ஒரு செடியைப் பார்ப்போம். மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்பது நம் வீடுகளில் வழிவழியாகக் கேட்டுவரும் பேச்சு. இலைகளுக்குக் கீழே நெல்லிக்காயின் உருவில் சிறு காய்கள் வரிசையாகத் தொங்குவதால் இந்தப் பெயர். மலாய்க்காரர்கள் இதை 'டுக்கோங் அனாக்' என்கிறார்கள். குழந்தையைச் சுமப்பது என்று பொருள். இரு மொழிகளும் ஒரே அடையாளத்தைக் கண்டு பெயர் வைத்திருப்பது அழகுதான்.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. இலைக்குக் கீழே காய் தாங்கும் செடி ஒன்றல்ல. நம் சுற்றுப்புறத்திலேயே குறைந்தது மூன்று உள்ளன: ஃபில்லாந்தஸ் அமாரஸ், ஃபில்லாந்தஸ் யூரினாரியா, ஃபில்லாந்தஸ் டெபிலிஸ். தூரத்திலிருந்து பார்த்தால் மூன்றும் கீழாநெல்லி. மூன்றும் டுக்கோங் அனாக்.

தமிழ் மருத்துவத்தில் கீழாநெல்லி என்று பொதுவாகக் கொள்ளப்படுவது அமாரஸ். அதன் இலையில் ரோமம் இல்லை, தண்டில் ரோமம் இல்லை, காய் வழுவழுப்பானது. காய்க்கு ஓரிரு மில்லிமீட்டர் நீளத்தில் மெல்லிய காம்பு உண்டு.

யூரினாரியாவை எடுத்து இலையின் அடிப்பக்கத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். விளிம்பை ஒட்டிக் குட்டையான முரட்டு ரோமங்கள் வரிசையாக நிற்கும். காயின் மேற்பரப்பு வழுவழுப்பாக இராது. சிறு புடைப்புகளோடு சொரசொரப்பாக இருக்கும், பெரும்பாலும் செந்நிறம் கலந்திருக்கும். காம்பு மிகக் குட்டை என்பதால் காய் கிளையோடு ஒட்டிக்கொண்டிருப்பதாகத் தோன்றும். தண்டிலும் அடிக்கடி செந்நிறம் காணலாம். சிவப்புக் கீழாநெல்லி என்று சிலர் இதைக் குறிப்பிடுவது அதனால்தான்.

ஆக, ரோமம் உண்டா, காய் வழுவழுப்பா என்ற இரண்டு கேள்விகளிலேயே யூரினாரியாவைப் பிரித்துவிடலாம். மூன்றாவதான டெபிலிஸ்? அதன் காயும் வழுவழுப்பானது, அதுவும் ரோமமற்றது. இங்கே நம் கேள்வி உதவாது. அடுத்த அடையாளத்துக்குப் போக வேண்டும். அமாரஸின் இலை நுனி மழுங்கி நீள்வட்டமாக இருக்கும். டெபிலிஸின் இலை இரு முனையிலும் குறுகும். பூவின் புல்லி இதழ்களை எண்ணினால் அமாரஸில் ஐந்து, டெபிலிஸில் ஆறு. பூ ஓரிரு மில்லிமீட்டரே இருக்கும் என்பதால் இதற்கும் கண்ணாடி வேண்டும்.

ரோமமின்மை முதல் கதவைத் திறக்கும். வீடு முழுவதையும் காட்டிவிடாது. இந்தப் பாடத்தை ஒரு கீழாநெல்லிச் செடியே நமக்குக் கற்றுக்கொடுத்துவிடுகிறது.

இவ்வளவு நுணுக்கம் தேவையா?

'மூன்றும் உறவுக்காரச் செடிகள்தாமே, எதைப் பறித்தால் என்ன?' என்று கேட்கலாம். தாவரவியலாளர்களே நெடுங்காலம் இதில் தடுமாறியிருக்கிறார்கள். இந்தியாவிலும் மலாயாவிலும் வளரும் அமாரஸை 'நிரூரி' என்ற அமெரிக்க இனமாகக் கருதியே பல நூல்கள் எழுதப்பட்டன. 1950-களில் அமெரிக்கத் தாவரவியலாளர் கிரேடி வெப்ஸ்டர் இந்த இனங்களைப் பிரித்துத் தெளிவுபடுத்தினார். அதற்கு முந்தைய நூல்களில் 'நிரூரி' என்று படித்தால், அது எந்தச் செடி என்று இன்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

கடைகளிலும் இந்தக் குழப்பம் உண்டு. தென்னிந்திய நாட்டு மருந்துக் கடைகளில் கீழாநெல்லி என்று விற்கப்பட்ட சரக்கை ஆராய்ந்து, 2010-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கடைகளில் அமாரஸே இருந்தது. மீதியில் யூரினாரியா, டெபிலிஸ் உள்ளிட்ட வேறு இனங்கள் கலந்திருந்தன. காய்ந்து நொறுங்கிய சரக்கில் இலை வடிவம் தெரியாது; அந்த ஆய்வாளர்கள் மரபணுச் சோதனையின் துணையையும் நாட வேண்டியிருந்தது.

மருத்துவ ஆய்விலும் இது பெரிய கேள்வி. 1988-இல் சென்னை ஆய்வாளர்கள் 'லான்செட்' இதழில் ஒரு முடிவை வெளியிட்டனர். ஹெப்படைட்டிஸ் பி கிருமியைச் சுமந்திருந்தவர்களுள் அமாரஸ் மருந்து பெற்ற 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் அந்தக் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெற்று மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அதே பலன் கிட்டவில்லை. இத்தகைய சோதனைகளை ஒன்றுதிரட்டி ஆராய்ந்து 2011-இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, நம்பத்தக்க சான்று இல்லை என்றே முடித்தது. பலன் உண்டா என்று கேட்பதற்கு முன், பயன்படுத்தியது எந்தச் செடி என்பது உறுதியாக வேண்டும். அந்த உறுதி, இலையின் அடிப்பக்கத்தை யாரோ ஒருவர் பொறுமையாகப் பார்ப்பதிலிருந்துதான் தொடங்குகிறது.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கண்ணும் தோலும் மஞ்சளானால் முதலில் மருத்துவரிடம் செல்ல வேண்டும். செடியைச் சரியாக அடையாளம் காண்பது ஒரு திறன்; நோயைக் கண்டறிவது வேறொரு திறன்.

ஏமாற்றும் இடங்கள்

ரோமத்தை வைத்து முடிவுக்கு வரும்போது நான்கு எச்சரிக்கைகளை நினைவில் வையுங்கள்.

வயது: பல செடிகளின் தளிரில் ரோமம் இருக்கும், இலை முற்றியதும் உதிர்ந்துவிடும். முற்றிய ஓர் இலையை மட்டும் பார்த்துவிட்டு 'ரோமமற்ற செடி' என்று எழுதினால் பிழையாகும். தளிர், நடு இலை, முற்றிய இலை மூன்றையும் பாருங்கள்.

வகை: சில நேரங்களில் ரோமமின்மை வேறு இனத்தைக் குறிக்காது; ஒரே இனத்தின் வேறு வகையைக் குறிக்கும். பேரங்காடியில் விற்கும் பீச் பழமும் நெக்டரினும் ஒரே இனம். ஒரு மரபணுவில் நேர்ந்த மாற்றத்தால் நெக்டரின் மொட்டையானது. பூனைக்காலி என்னும் அவரை இனத்திலும் இப்படித்தான். காட்டு வகையின் காயில் உள்ள ரோமம் பட்டால் அரிப்பு தாங்காது; பயிரிடப்படும் வகையில் அந்த அரிப்பு ரோமம் இல்லை.

தோற்றம்: நீட்டிக்கொண்டிருப்பவை எல்லாம் ரோமம் அல்ல. 'ரம்புட்' என்ற மலாய்ச் சொல்லுக்குத் தலைமுடி என்று பொருள். அதிலிருந்து வந்ததுதான் ரம்புத்தான் என்ற பெயர். ஆனால் அந்த 'முடி' பழத்தோலே நீண்டு வளர்ந்த சதைப்பற்றான பகுதி. வெளித்தோல் உயிரணுவின் ரோமம் அன்று.

நஞ்சு: இதுவே மிக முக்கியமானது. வழுவழுப்பான செடி உண்ணத்தக்கது என்று எந்த விதியும் இல்லை. அரளியின் இலையில் ரோமம் தென்படாது. அதன் எல்லாப் பாகங்களும் கொடிய நஞ்சு. ரோமம் உண்டா இல்லையா என்பது பெயரைக் கண்டுபிடிக்க உதவும் குறிப்பு. வாயில் போடலாமா என்று சொல்லும் குறிப்பு அன்று.

எப்படிப் பழகுவது?

இதற்குப் பெரிய செலவில்லை. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சிறு உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று, ஒரு குறிப்பேடு, ஒரு பென்சில் போதும். இலையை விரலின் மேல் வளைத்து, வளைந்த விளிம்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். தட்டையாக வைத்தால் தெரியாத ரோமங்கள் விளிம்பில் வெள்ளிக் கம்பிகளாக எழுந்து நிற்கும். தண்டையும் காயையும் இப்படியே ஒளிக்கு எதிரே பாருங்கள்.

அறியாத செடியை வெறும் விரலால் தடவிப் பார்க்காதீர்கள். நம் காடுகளில் ஜெலாத்தாங் என்னும் செடி இருக்கிறது. அதன் ரோமம் ஊசிபோல் குத்தி நஞ்சைச் செலுத்தும். எரிச்சல் எளிதில் அடங்காது. முதலில் கண், பிறகு கண்ணாடி, கடைசியாகத்தான் விரல்.

கைப்பேசிச் செயலிகள் தரும் பெயரை முடிவாகக் கொள்ளாமல் தொடக்கமாகக் கொள்ளுங்கள். கை நீளத் தொலைவிலிருந்து எடுத்த படத்தில் மில்லிமீட்டருக்கும் குறைவான ரோமம் பதிவதில்லை. படத்தில் இல்லாததைச் செயலியும் காணாது. இலையின் அடிப்பக்கம், கணு, காய் ஆகியவற்றைத் தனித்தனியே நெருக்கத்தில் படம் எடுத்துச் சேர்த்தால், செயலிக்கும் உதவும், பின்னர் அந்தப் படங்களைப் பார்க்கும் ஆசிரியருக்கும் உதவும்.

சிங்கப்பூரில் பூங்காக்கள், இயற்கைக் காப்பகங்கள், அரசு நிலம் ஆகியவற்றில் அனுமதியின்றிச் செடிகளைப் பறிப்பது குற்றம். மலேசியாவிலும் தேசியப் பூங்காக்களிலும் வனக் காப்பகங்களிலும் அனுமதி வேண்டும். பார்ப்பதற்கும் படம் எடுப்பதற்கும் பறிக்க வேண்டியதில்லை. சாலையோரச் செடிகளில் களைக்கொல்லி தெளிக்கப்பட்டிருக்கக்கூடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

குறிப்பேட்டில் ஒரு செடிக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இலை மேற்புறம், இலை அடிப்புறம், விளிம்பு, தண்டு, கணு, காய் என்று ஆறு வரிகள் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'உண்டு' அல்லது 'இல்லை' என்று நிரப்புங்கள். பார்க்காத இடத்தை வெறுமையாக விடுங்கள். 'இல்லை' என்று எழுதிவிடாதீர்கள். பார்த்து இல்லை என்பதும் பார்க்காமல் இல்லை என்பதும் ஒன்றல்ல. அறிவியல் படிக்கப் போகும் எவருக்கும் இந்த ஒரு பழக்கம் எந்தத் துறையிலும் கைகொடுக்கும்.

உங்கள் பாட்டிக்குக் கீழாநெல்லியைத் தெரிந்திருக்கும். அவரிடம் கேட்டு, செடியைக் காட்டச் சொல்லுங்கள். பிறகு கண்ணாடியை எடுத்து, அவர் காட்டியது அமாரஸா, யூரினாரியாவா, டெபிலிஸா என்று இருவருமாகச் சேர்ந்து பாருங்கள். குறிப்பேட்டின் முதல் பக்கத்தை அந்தச் செடிக்கே ஒதுக்கலாம்.